டீச்சரும் வாஜித்தா?

செம்மண்கொல்லை நடுநிலைப் பள்ளிக்குப் பின்னால் ஒரு பலா மரம் இருக்கிறது. ஆலங்குடிப் பக்கம் பலா மரம் இருப்பது ஒரு பெரிய செய்தியே இல்லை. ஆனால் இந்த மரம் கொஞ்சம் பிடிவாதக்கார மரம். பிள்ளைகள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை இலையாகத் தள்ளுமே தவிர, காய்க்கவே காய்க்காது.

இந்த வருடம்தான் அதற்கு மனம் இரங்கியது. அடிமரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், ஒரே ஒரு காய் விட்டது.

அந்த ஒரு காய்க்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! காலையில் வந்ததும் ஒரு கூட்டம் அதைத் தடவிப் பார்க்கும். மதியம் இன்னொரு கூட்டம் மோந்து பார்க்கும். "பழுத்ததும் ஆளுக்கு ஒரு சுளை" என்று தலைமை ஆசிரியர் திருப்பதி சார் சொல்லிவிட்டதால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அதற்குக் காவல் இருந்தார்கள்.

"எனக்கு மட்டும் ரெண்டு சுளை வேணும். தெனமும் தண்ணி ஊத்துனது நாந்தான்" என்று ஏழாம் வகுப்பு வாஜித் சொல்லிக்கொண்டு திரிந்தான். "குடுக்கலைன்னா முழுப் பழத்தையும் தூக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்கங்க!"

அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அது தஸ்லீமாவுக்கு நன்றாகவே தெரியும். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே தெரு. அவன் பேசுவதில் பாதியைக் காற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து பார்த்தால், காயைக் காணோம். மரத்தில் காம்பு மட்டும் பால் வடிந்து நின்றது.

ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் அழுதே விட்டார்கள்.

பிரேயரில் திருப்பதி சார் மைக்கைப் பிடித்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் முன்பின் பார்க்க மாட்டார்.

"பள்ளிக்கூடத்துச் சொத்துல கை வைக்கிறவன் திருடன்! எவனா இருந்தாலும் நான் விட மாட்டேன்!"

அவர் போட்ட சத்தம் அடுத்த தெரு டீக்கடை வரைக்கும் கேட்டது.

பள்ளி வாசலில் ஒரு கேமரா உண்டு. அதில் பதிவானதை எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கொட்டும் மழையில், தலையை மூடிய ரெயின்கோட்டோடு ஒரு உருவம் பின்பக்கமிருந்து வந்தது. கையில் சாக்கு சுற்றிய பெரிய உருண்டை. மெதுவாக நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டது. முகம் துளிகூடத் தெரியவில்லை.

"மொகந்தானே தெரியல? நடை தெரியுதுல்ல!" என்றார் திருப்பதி சார். "சாமியா எங்க? கூப்பிடுங்க அந்தப் பொண்ண!"

சாமியா, தஸ்லீமாவின் அக்கா. புதுக்கோட்டையில் பொறியியல் படிக்கிறாள். படிப்புக்காக அவள் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தாள். அதற்குப் பழக்கம் கொடுக்க முந்தைய வாரம்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வராந்தாவில் ஒவ்வொருவராக நடக்கவிட்டுப் படம் பிடித்திருந்தாள். அன்றைக்கு மறுபடியும் படம் பிடிக்க லேப்டாப்போடு வந்திருந்தாள்.

"இது மொகத்தப் பாக்காது சார்" என்று அவள் ஏற்கெனவே சாருக்கு விளக்கியிருந்தாள். "நடக்குறப்ப முழங்கால் எப்படி மடங்குது, கை எவ்வளவு வீசுது, தோள் எந்தப் பக்கம் சாயுது, அதத்தான் பாக்கும். அத வச்சே ஆளு யாருன்னு சொல்லிரும்."

இப்போது அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், இது இன்னும் முழுசா முடியலைங்க. காலேஜ் ப்ராஜெக்ட்தான்."

"பரவாயில்லம்மா, போட்டுத்தான் பாரேன்."

சாமியா மழைப் படத்தைப் போட்டாள். திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் அந்த உருவத்தின் காலிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டு கூடவே நடந்தன. பிறகு ஒரு பெயர் வந்தது.

வாஜித். நூற்றுக்குத் தொண்ணூறு.

எல்லார் கண்ணும் வாஜித் மேல் திரும்பியது. வாஜித்தின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

"சார், நான் எடுக்கல சார். நேத்து மழையில நான் வீட்ட விட்டே வெளிய வரல."

"முழுப் பழத்தையும் தூக்கிட்டுப் போவேன்னு சொன்னது யாருப்பா?"

"அது சும்மா சொன்னது சார்!"

"பழத்த என்ன பண்ணினேன்னு நீயா வந்து சொல்ற வரைக்கும், சனிக்கிழமை டூருக்கு நீ வர வேண்டாம்."

சனிக்கிழமை ஏழாம் வகுப்பு முழுவதும் திருச்சி கோளரங்கத்துக்குப் போகிறது. கூரை முழுக்க நட்சத்திரம் காட்டுவார்களாம். வாஜித்தின் அப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். "சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணுங்க அத்தா, எல்லா நட்சத்திரத்தையும் ஒண்ணு விடாம சொல்றேன்" என்று அவன் ஒரு மாதமாக அவரிடம் சொல்லி வைத்திருந்தான்.

தஸ்லீமா குழம்பிப் போனாள். ஒரு பக்கம் அக்காவின் மெஷின். இன்னொரு பக்கம் வாஜித். யாரை நம்புவது?

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாஜித் தலையைக் குனிந்தபடியே நடந்தான். அவன் முன்னால் போனான், தஸ்லீமா பின்னால் போனாள். வேறு வழியில்லாமல் அவன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வாஜித்துக்கு நேராக நடக்கவே வராது. எவ்வளவு சோகமாக இருந்தாலும் குதிகால் தரையில் படாமல் துள்ளித் துள்ளித்தான் போவான். வழியில் கிடக்கும் கல்லை ஒரு உதை விடுவான். இன்றைக்கும் அப்படித்தான் போனான். ஆனால் மழைப் படத்தில் போன உருவம் துள்ளவே இல்லையே! காலை இழுத்து இழுத்து அல்லவா போனது?

வீட்டுக்குள் நுழைந்ததுமே அவள் சொன்னாள். "அக்கா, ஒன் மெஷின் பொய் சொல்லுது."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி" என்றாள் சாமியா. அவளும் உர்ரென்றுதான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப தப்பாச் சொல்லுது."

"ராப்பகலா உக்காந்து எழுதினது. ஏழாப்புப் படிக்கிற நீ தப்புன்னு சொல்ற!"

"வாஜித் நடக்குறத நான் தெனமும் பாக்குறேன். நீ ஒரு நாள்தான் பாத்த."

சாமியா அவளை முறைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"இந்தா, அவன் நடந்த படம். நீயே பாத்துக்க."

வராந்தாவில் வாஜித் வந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவனைப் போல வந்தான். ஆனால் கால் மட்டும் தொபுக் தொபுக் என்று இழுபட்டது.

தஸ்லீமா அவன் காலைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி?"

"அக்கா, அது ஷார்ஜா ஷூ!"

வாஜித்தின் அத்தா அனுப்பிய கறுப்பு ஷூ அது. ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அந்த வீட்டிலும் நடந்தது. "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் கூடவே வாங்குங்க" என்று அம்மா போனில் சொல்லிவிட்டார். அத்தா இன்னும் ஒரு சைஸ் சேர்த்தே வாங்கிவிட்டார். வாஜித் முன்பக்கம் செய்தித்தாளைத் திணித்து, வீடியோவில் வரப்போகிறோமே என்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் போட்டு வந்தான். குதிகால் கொப்புளித்துப் போனது. அதற்குப் பிறகு அவன் அந்த ஷூவைத் தொடவே இல்லை.

சாமியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! அப்ப மெஷின் கத்துக்கிட்டது வாஜித் நடைய இல்ல. பெரிய ஷூ போட்டவங்க நடைய!"

"அப்ப பெரிய ஷூ போட்டுக்கிட்டு யாரு நடந்தாலும்..."

"வாஜித்துன்னுதான் சொல்லும்." சாமியா எழுந்து நின்றாள். "நாளைக்கு நானே வந்து சார்கிட்டச் சொல்றேன்."

"சொன்னா நம்ப மாட்டாரு அக்கா. காட்டணும்."

மறுநாள் காலை வராந்தாவில் பள்ளியே கூடிவிட்டது. தஸ்லீமா வாஜித்திடமிருந்து ஷார்ஜா ஷூவை வாங்கி வந்திருந்தாள். கேமரா முன்னால் முதலில் அவளே அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். தொபுக், தொபுக்.

திரையில் பெயர் வந்தது. வாஜித்.

"ஆ!" என்றது கூட்டம்.

அடுத்தது சந்தோஷ். வகுப்பிலேயே ஒல்லியானவன் அவன். இரண்டு தடவை ஷூ கழன்று, மூன்றாவது தடவை ஒரு வழியாக நடந்து முடித்தான்.

வாஜித்.

"டேய், நானும் வாஜித்துடா!" என்று சந்தோஷ் குதித்தான்.

திருப்பதி சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு பேரும் சின்னப் பசங்க. பெரியவங்க யாராவது நடந்தா?"

"நான் நடக்குறேன் சார்" என்றார் வகுப்பு ஆசிரியை செல்வராணி டீச்சர். அவருக்குச் சின்னக் கால். ஷூ அவருக்கும் பெரிதாகத்தான் இருந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொபுக் தொபுக் என்று வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் போனார்.

வாஜித்.

"டீச்சரும் வாஜித்தா?" என்று ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நிஜமாகவே சந்தேகத்தோடு கேட்டான். அவ்வளவுதான், கூட்டம் அடங்க வெகுநேரம் ஆனது.

"டீச்சரையே இதுக்குத் தெரியாதே, அப்புறம் எப்படிப் பேரு சொல்லுது?" என்று கேட்டார் சார்.

"அதுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைங்கள மட்டுந்தான் தெரியும் சார்" என்றாள் சாமியா. "யாரு வந்தாலும் அதுல ஒருத்தர் பேரத்தான் சொல்லும். 'எனக்குத் தெரியல'ன்னு சொல்ல நான் இன்னும் அதுக்குக் கத்துக்குடுக்கல. தப்பு என் மேலதான்."

கடைசியாக வாஜித்தே ரப்பர் செருப்போடு, வழக்கம்போலத் துள்ளித் துள்ளி நடந்தான். மெஷின் வெகுநேரம் யோசித்தது. பிறகு சொன்னது: சந்தோஷ்.

இந்தத் தடவை திருப்பதி சாரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"சரி. படத்துல போனது வாஜித்துன்னு இனிமே சொல்ல முடியாது. அவன் இல்லைன்னும் சொல்ல முடியலையே. அப்ப பழத்த எடுத்தது யாரு?"

வாஜித்தின் முகம் மறுபடியும் வாடியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

தஸ்லீமாவும் பார்த்தாள். டீச்சர் நடந்தபோது எல்லாரும் சிரித்தார்களே, ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்ற செவந்தி. வகுப்பில் யார் தும்மினாலும் முதலில் சிரிப்பவள் அவள்தான். அவளுடைய அப்பா தோப்பு தோப்பாகப் போய்ப் பலாப்பழம் வாங்கி விற்பவர். செவந்தி இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் கறுப்புக் கறுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தது.

பலாப் பால்! தண்ணீர் விட்டு எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

"சார், எடுத்தது இவதான்!" என்று அங்கேயே கத்தியிருக்கலாம். தஸ்லீமாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நேற்று எல்லார் கண்ணும் வாஜித் மேல் திரும்பியபோது அவன் முகம் எப்படி வெளுத்தது என்று அவள் பார்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டாள்.

மதியம் அவள் சத்துணவுக் கூடத்துக்குப் போய், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் கேட்டு வாங்கினாள். வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்த செவந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தா, இதத் தேச்சுக் கழுவிக்க. பால் போயிரும்."

செவந்தி கிண்ணத்தைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

"நான் திருடல தஸ்லீமா!"

"நான் திருடினேன்னு சொல்லவே இல்லையே. எண்ணெய்தானே குடுத்தேன்?"

செவந்தி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமையே அவள் காயைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். நன்றாக முற்றிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. முற்றிய காயை மரத்திலேயே விட்டால் மழை பட்டு வெடிக்கும், அணில் குடைந்துவிடும். சாரிடம் போய்ச் சொன்னாள். அவரும் "சரிம்மா" என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியதும் மனம் கேட்கவில்லை. அப்பாவின் ரெயின்கோட்டையும், அவர் தோப்புக்குப் போட்டுப் போகும் பெரிய ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு ஓடிவந்து பறித்துவிட்டாள்.

"எங்க வீட்டு வைக்கோல் போர்ல வச்சிருக்கேன். சீக்கிரம் பழுக்கட்டும்னு காம்புல வேப்பங்குச்சி அடிச்சிருக்கேன். எங்க அப்பாவுக்குக் கூடத் தெரியாது. பழுத்து வாசம் அடிக்கிறப்ப பிரேயர்ல கொண்டாந்து வச்சு எல்லாரையும் அசத்தணும்னு நெனச்சேன். திங்கட்கிழமை சார் மைக்குல திருடன்னு சொன்னாரா, எனக்கு நாக்கே எழும்பல."

"அப்புறம் வாஜித் மாட்டுனப்ப?"

"அப்ப இன்னும் பயமாப் போச்சு." அவள் குரல் உடைந்தது. "அவன் என்ன மன்னிக்கவே மாட்டான்ல?"

"அத அவன்கிட்ட அப்புறம் கேப்போம். மொதல்ல சார்கிட்ட வா. நானும் கூட வாரேன்."

தலைமை ஆசிரியர் அறைக்குள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். செவந்தி திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். திருப்பதி சார் கோபிக்கப் போகிறார் என்று தஸ்லீமா அவளுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து நின்றுகொண்டாள்.

ஆனால் சார் தலையைச் சொறிந்தார்.

"வெள்ளிக்கிழமை நீ எங்கிட்டச் சொன்னியாம்மா?"

"சொன்னேன் சார். 'இன்னும் மரத்துலயே விட்டா வீணாப் போயிரும், பறிச்சிரலாமா'ன்னு கேட்டேன். நீங்க போன்ல பேசிக்கிட்டே 'சரிம்மா சரிம்மா'ன்னீங்க."

"அது... டூருக்கு பஸ் பேசிக்கிட்டிருந்தேன். நீ சொன்னது காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல." சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்படின்னா பறிக்கச் சொன்னதும் நான், பறிச்ச பெறகு திருடன்னு கத்தினதும் நான். நல்லா இருக்கு என் லட்சணம்!"

புதன்கிழமை பிரேயரில் அவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். செவந்தி நல்லது செய்யத்தான் நினைத்தாள் என்றும், பறித்த பிறகு யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னார். பிறகு வாஜித்தை முன்னால் வரச் சொன்னார்.

"வாஜித், நீ இல்லைன்னு சொன்ன. நான் உன்னைக் கேக்கல, மெஷினைக் கேட்டேன். தப்பு என்னோடது. சனிக்கிழமை பஸ்ல முன் சீட்டு ஒனக்குத்தான்."

எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் வாஜித்துக்கு அன்றைக்கு "சரி சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் திரும்பி வரிசைக்குப் போகும்போது அவன் துள்ளிய துள்ளலை எந்த மெஷினும் தேவையில்லாமல் பள்ளியே பார்த்தது.

வியாழக்கிழமை காலையில், செவந்தியின் அப்பா பைக்கில் பழத்தைக் கொண்டுவந்தார். பைக் தெருமுனையில் திரும்பும் முன்பே வாசம் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் வகுப்பை விட்டு வெளியே ஓடிவந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் அதட்டவில்லை.

செல்வராணி டீச்சர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். சுளை மஞ்சள் மஞ்சேளென்று இருந்தது. சாமியாவும் தன் பங்குக்கு உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். ஆளுக்கு ஒரு சுளை போய்ச் சேர்ந்தது.

செவந்தி தன் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே நின்றாள். அப்புறம் மெதுவாக வாஜித் பக்கத்தில் போய் அதை நீட்டினாள்.

"ரெண்டு சுளை வேணும்னு கேட்டியே. இந்தா, இதையும் நீயே எடுத்துக்க. என்னாலதான ஒனக்கு..."

வாஜித் அவளைப் பார்த்தான். தஸ்லீமா அவனைப் பார்த்தாள்.

வாஜித் அந்தச் சுளையை வாங்கி, சரிபாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் கையிலேயே வைத்தான்.

"அடுத்த வருஷம் காய் பறிக்கப் போறப்ப என்னையும் கூப்பிடு" என்றான் வாய் நிறையப் பழத்தோடு. "எப்படியும் பழி எம்மேலதான் விழப்போவுது. பழத்தையாவது சேந்து தூக்குவோம்!"

முதலில் சிரித்தது செவந்திதான்.